ஏரி கோடி போவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நீர்நிலைப் பதிவுச் செயலி ஒன்றின் மதிப்புரை

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில் பாலாற்றை ஒட்டியிருக்கிறது எங்கள் ஊர். ஏரி, கிணறு, கால்வாய் பற்றிய தகவல்களை மக்களே பதிவு செய்வதற்கென்று ஒரு தன்னார்வ அமைப்பு உருவாக்கியிருக்கும் கைபேசிச் செயலியை ஒன்றரை ஆண்டாக இங்கே பயன்படுத்தி வருகிறேன். அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஊரில் இதை முதலில் நிறுவிக்கொண்டவனும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. ஆகவே இதனால் விளைந்த நன்மையிலும் தீமையிலும் எனக்குப் பொறுப்பு உண்டு. செயலியின் பெயரை எழுதவில்லை. சில குறைகளை அவர்கள் திருத்திவிட்டார்கள், சிலவற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். தவிரவும், நான் சொல்லப்போகும் சிக்கல் இந்த ஒரு செயலிக்கு மட்டும் உரியதன்று.

கருவி என்ற அளவில் இதன் தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, தமிழ் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தாலும் கைபேசியிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பியதும் தானாக அனுப்பிவிடுகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன், ஒரு பதிவும் தொலையவில்லை. ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துக் காட்டும் வசதி மிகச் சிறப்பானது. எங்கள் ஏரியின் வடபுறத்தில் வேலிகாத்தான் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்பதை, தினமும் கரையில் நடப்பவர்களே அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். (செயலியில் அந்த மரத்துக்குச் ‘சீமைக்கருவேலம்’ என்ற பெயர் மட்டுமே இருந்ததால், தொடக்கத்தில் ஊரார் பலர் அதை வேறொரு மரம் என்று நினைத்துப் பதியாமல் விட்டார்கள்.) எழுதத் தயங்குகிறவர்கள் பேசியே பதியலாம் என்பதும் பெரிய வசதி.

சிக்கல் கேள்விகளில் தொடங்குகிறது. ஏரியின் நிலையைக் குறிக்க முதல் பதிப்பில் நான்கு தெரிவுகள் இருந்தன: வறண்டது, கால் பங்கு, அரைப் பங்கு, நிரம்பியது. எங்கள் ஊரில் பல ஆண்டுகள் நீர்க்கட்டியாக இருந்து, மழைக்காலத்தில் மதகைத் திறப்பதும் அடைப்பதுமாக வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏரி கோடி போவுது சார், அத எதுல எழுதறது?” என்று கேட்டார். ‘நிரம்பியது’ என்பதை அழுத்துங்கள் ஐயா என்றேன். அவர் அழுத்தவில்லை. “ரொம்புறது வேற, கோடி போறது வேற” என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதே சரி. இந்தப் பக்கத்தில் ஏரி கோடி போகிறது என்றால், கலங்கல் வழியாக உபரி நீர் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் செய்தி கிடைத்ததும் கீழ் ஏரிக்காரர்கள் தங்கள் வரத்துக் கால்வாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்புவார்கள். கரை மெலிந்த இடத்தில் மண் மூட்டை அடுக்குவார்கள். கலங்கலுக்குக் கீழே மீன் பிடிக்க வலையோடு ஆட்கள் வருவார்கள். இந்தப் போகத்துக்கு நெல்லா வேர்க்கடலையா என்ற முடிவும் கீழூரில் அன்றைக்கே பாதி எடுக்கப்பட்டுவிடும். விளிம்பு வரை நிரம்பியும் கோடி போகாமல் நின்றுவிட்ட ஏரி, கீழூருக்கு எதையும் தருவதில்லை. செயலியை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு ஏரியையும் தனித்தனிப் பாத்திரமாகக் கருதி, அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். ஏரிகளைச் சங்கிலியாக அறிந்திருந்த மனிதரிடம் இருந்த அறிவுக்கு அந்த நான்கு கட்டங்களில் இடமே இல்லாமல் போனது. போதாக்குறைக்கு, படிவத்தின் முதல் கேள்வி மாவட்டம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததால், எங்கள் சங்கிலியின் மேல் ஏரி ஒரு மாவட்ட அட்டவணையிலும் கீழ் ஏரி இன்னொரு மாவட்ட அட்டவணையிலும் விழுந்தன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்க வழியில்லை. மேலே கோடி போனால் கீழே எத்தனை நாளில் வரத்து வருகிறது என்பதுதான் இந்தத் தரவிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி.

ஊற்றுக்கால்வாய்கள் விஷயத்தில் இன்னும் வருத்தப்பட்டேன். பாலாற்று மணலில் பள்ளம் தோண்டி, மணலுக்கடியில் ஓடும் நீரைக் கால்வாயாக இழுத்து வயலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு வட ஆற்காட்டின் பழைய பாசன முறைகளில் ஒன்று. மணல் அள்ளப்பட்டும், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியும், அவற்றில் பெரும்பாலானவை வற்றிப்போயின. அவை எங்கே தொடங்கி எந்த வயல் வரை ஓடின என்பதைக் கால் வைத்துக் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். செயலியின் வகைப்பட்டியலில் ஆறு, ஏரி, குளம், கால்வாய், கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவை இருந்தன, ஊற்றுக்கால் இல்லை. கால்வாய் என்று பதிய முயன்றால், நீர் தெரியும்படி இன்றைய தேதியில் எடுத்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றது. இருப்பதை மட்டும் ஏற்று, இல்லாமல் போனதைத் திருப்பி அனுப்பும் பதிவேட்டில் பாலாற்றின் கதையை எப்படி எழுத முடியும்? படத்தைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் போலிப் பதிவுகளைத் தடுப்பது என்று விளக்கினார்கள். காரணம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு விதியினால் முதியவர்களின் நினைவு முழுவதும் போலிப் பதிவோடு ஒன்றாகச் சேர்த்து ஒதுக்கப்பட்டுவிட்டது.

கிணறுகளின் பகுதி இன்னொரு வகையில் குறைபட்டிருந்தது. கிணற்று நீரின் தரத்தைக் கேட்கும் பக்கத்தில் டிடிஎஸ் எண்ணும் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) கார அமில அளவும் கட்டாயக் கட்டங்கள். சோதனைக் கருவி ஊரில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் என்னிடம். ஆனால் எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகாது, எதில் சோப்பு நுரைக்காது, எதில் சோறு மஞ்சளாக வடிகிறது, எந்தக் கிணறு மழைக்குப் பிறகு மூன்று மாதம் மட்டும் நல்ல தண்ணீராக இருந்து பிறகு உப்பாகிவிடும் என்பதெல்லாம் தண்ணீர் இறைக்கும் பெண்களுக்கு நாள்தோறும் சோதித்தறிந்த உண்மைகள். கடின நீரில் பருப்பு வேகாமல் போவதற்கும் சோப்பு நுரைக்காததற்கும் அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே காரணம் என்று வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன்; சமையற்கட்டில் நடப்பதும் சோதனைதான். அந்தப் பெண்கள் சொன்னவை அனைத்தும் ‘இதர கருத்துகள்’ என்ற கடைசிக் கட்டத்துக்குள் போயின. அந்தக் கட்டத்தில் எழுதியது வரைபடத்தில் வருவதில்லை, தேடினாலும் கிடைப்பதில்லை. நான் கருவியை முக்கி எடுத்த எண் மட்டும் வண்ணப் புள்ளியாகத் தெரிந்தது. அது வருடத்தில் ஒரே ஒரு நாளின் எண்.

அந்த வண்ணப் புள்ளிதான் பெரிய தொல்லையைக் கொண்டுவந்தது. டிடிஎஸ் ஓர் அளவைத் தாண்டினால் கிணறு சிவப்புப் புள்ளியாக, துல்லியமான இருப்பிடத்தோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வரைபடத்தில் வந்துவிடும். ஊரில் ஒரு குடும்பம் மகள் திருமணத்துக்காக ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்க முயன்றபோது, வாங்க வந்தவர் கைபேசியில் அந்தப் புள்ளியைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டார். அந்தப் பதிவைச் செய்தவன் நான். அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் நீர் எடுத்தேன். ஆனால் அது எங்கே, யாருக்கெல்லாம் தெரியும் என்று அவருக்கு நான் சொல்லவில்லை, எனக்கும் அப்போது முழுமையாகத் தெரியாது. நீக்கச் சொல்லி எழுதினேன். பொதுத் தரவு என்பதால் நீக்க இயலாது, வேண்டுமானால் புதிய அளவைப் பதியுங்கள் என்று பதில் வந்தது. அதன் பிறகு நான்கு தெருக்களில் யாரும் தங்கள் கிணற்றில் கருவியை முக்க விடவில்லை. அவர்கள் செய்தது முற்றிலும் சரி என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்த மாவட்டத்தில் ஒரு கிணறு கெட்டுவிட்டது என்று எழுதி வைப்பது எவ்வளவு கனமான செயல் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில்தான், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில் தெரியவந்தபடி, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்ததை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. தொடர்ந்து அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. பாலாற்று மாசு பற்றியும் இழப்பீடு பற்றியும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. ஆகவே எங்கள் ஊரில் கிணற்றைப் பற்றிய பதிவு, ஒரு நாள் வழக்கில் சான்றாக நிற்கும். இன்னொரு நாள் நிலத்தின் விலையை அறுக்கும். எந்த நாளில் எதுவாக அது பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கிணற்றுக்காரருக்கு இல்லையென்றால், அவரைப் பங்கேற்பாளர் என்று அழைப்பதில் பொருளில்லை.

அதே ஊரில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வண்டி வந்து பெண்களை ஏற்றிப் போகிறது. தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை செய்த ஆண்கள் பலர் இருக்கிறார்கள். செயலியைப் பற்றிப் பேச நாங்கள் கூடியபோது, அவர்களில் ஒருவர் எழுந்து, “கம்பெனிய மூடிட்டா எங்களுக்குச் சோறு போட இந்த போன் வருமா?” என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டு நடந்தபோது, ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தில் கழிவு எப்படி இருந்தது, குரோமிய உப்பு வந்த பிறகு எப்படி மாறியது, சுண்ணாம்புத் தொட்டியைக் கழுவிவிட்ட நீர் எந்த வழியாக எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர் எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். பாலாற்றைப் பற்றி நான் கேட்ட மிகத் துல்லியமான பாடம் அது. செயலியில் அவருக்கு இடம் கிடையாது. ‘பாதிக்கப்பட்டவர்’, ‘விவசாயி’, ‘மாணவர்’, ‘ஆர்வலர்’ என்று பயனர் வகை கேட்கும் பட்டியலில் ‘தொழிலாளி’ என்ற சொல்லே இல்லை. தன் பெயரும் கைபேசி எண்ணும் பதிவோடு சேர்ந்து போகும் என்று தெரிந்த பிறகு, அவர் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. ஏரியில் மீன் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் நிலை இதைவிட மோசம். எந்த மடுவில் விரால் கிடக்கும், எந்தக் கோடையில் கெளுத்தி குறைந்தது என்று அவர்கள் சொன்னதைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கணக்கிலிருந்து பதிந்ததால், மாதாந்தரப் பாராட்டுப் பட்டியலில் மாணவர்களின் பெயர்கள் வந்தன.

இதெல்லாம் பங்கேற்பு வடிவமைப்பு என்ற பெயரில் நடந்தது என்பதே என் முதன்மையான குறை. செயலி வெளிவருவதற்கு முன்பு வேலூரில் ஒரு விடுதி அரங்கில் ஒரு நாள் பட்டறை நடத்தினார்கள். வேலை நாள், காலை பத்து மணி. கூலி வேலைக்குப் போகிறவர்களும் கம்பெனிக்குப் போகிறவர்களும் வர முடியாத நேரம். வந்த நாற்பது பேரில் முக்கால்வாசி மாணவர்களும் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களும். வண்ணத் தாள்களைக் கொடுத்து, பொத்தான்கள் எந்த நிறத்தில் வேண்டும், ஏரிக்கு எந்தப் படம் பொருத்தம், அறிவிப்பு காலையிலா மாலையிலா என்று கேட்டார்கள். நாங்கள் உற்சாகமாகப் பதில் சொன்னோம். உணவும் நன்றாக இருந்தது. எந்தக் கேள்விகளைக் கேட்பது, விடையை யார் பார்ப்பது, தவறு நேர்ந்தால் யார் நீக்குவது ஆகியவை அன்றைக்கு மேசைக்கே வரவில்லை. அவை நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்திலேயே முடிவாகியிருந்தன என்று பிறகு அவர்களுள் ஒருவரே வருத்தத்தோடு சொன்னார். அன்று நானும் அதைக் கேட்கவில்லை.

சரிபார்ப்பு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பதிவுகளை வேறொரு நகரத்தில் இருக்கும் குழு பார்த்து ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரையிட்டது. முத்திரை இல்லாதவை வரைபடத்தில் மங்கலாகத் தெரிந்தன. உலகெங்கும் பயன்படும் தளங்கள் இதை வேறு விதமாகக் கையாள்கின்றன. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில், வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அந்தந்த வட்டாரத்தின் பறவைகளை அறிந்த தன்னார்வலர்கள் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்தத் தளத்தின் வழியேதான் நடக்கிறது. 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில், ஓர் உயிரினத்தை அடையாளம் காண்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு உயர்நிலை பெறுகிறது. அழியும் நிலையிலுள்ள இனங்களின் இருப்பிடம் வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டப்படுகிறது. அரிய ஆமைக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு எங்கள் ஊர்க் கிணற்றுக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நான் எழுதிய கடிதத்தில் கேட்டிருந்தேன்.

நடுவில் ஒரு பதிப்பில் ‘பாரம்பரிய அறிவு’ என்ற புதிய பக்கம் வந்தது: எந்த மூலிகை எந்த நோய்க்கு, எங்கே கிடைக்கும் என்று பதியச் சொன்னது. இதை உடனே நிறுத்தச் சொல்லி எழுதினேன். சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலுள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் ஆகிய ஐந்து மொழிகளில் தொகுத்த பாரம்பரிய அறிவு மின்னணு நூலகத்தை அரசு 2001இல் தொடங்கியபோது, காப்புரிமை அலுவலகங்கள் மட்டும் ஒப்பந்தத்தின் பேரில் அதைப் பார்க்கலாம் என்று வரையறுத்தது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாட்டில் காப்புரிமை தரப்பட்டு, போராடி ரத்து செய்ய வேண்டியிருந்த அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. அச்சிட்ட நூல்களுக்கே அவ்வளவு காவல். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி முதியவர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதை எந்தக் காவலுமில்லாமல் பொது வரைபடத்தில் ஏற்றச் சொல்வது பெரும் பிழை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழுவையும், அதன்கீழ் வந்த விதிகள் மக்கள் உயிரினப் பன்மைப் பதிவேட்டையும் ஏற்படுத்தியிருக்கின்றன. அந்த வழி மெதுவானது, பல ஊர்களில் ஏட்டளவில் நிற்பது. ஆயினும் பதிவேடு ஊரின் கையில் இருக்க வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அந்தப் பக்கத்தை அவர்கள் மூன்று வாரத்தில் எடுத்துவிட்டார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு நம்பிக்கை தருகின்றன. அவர்கள் இரண்டாம் முறை எங்கள் ஊருக்கே, ஏரிக்கரைப் புளியமரத்தடிக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்தார்கள். நீர்க்கட்டிப் பெரியவர் பேசினார், பெண்கள் பேசினார்கள். இப்போதைய பதிப்பில் ‘கோடி போகிறது’ என்ற தெரிவு நேரத்தோடு இருக்கிறது. ஊற்றுக்கால் சேர்க்கப்பட்டுள்ளது, வற்றியதைப் படமில்லாமல், இரண்டு முதியவர்களின் குரல் பதிவோடு பதியலாம். பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்பவை தனிக் கேள்விகளாகி வரைபடத்திலும் தெரிகின்றன. கிணறுகளை ஊர் அளவில் மட்டும் காட்டும் வசதி வந்திருக்கிறது. பெயர் இல்லாமல் பதியும் வசதி இன்னும் வரவில்லை. அது வராமல் தொழிலாளர்கள் எழுத மாட்டார்கள். இரண்டு மாவட்டங்களையும் ஒரே சங்கிலியாகக் காட்டும் வரைபடமும் வரவில்லை.

மிகப் பெரிய கேள்வி உரிமை பற்றியது. நிதி மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். அதன்பின் எங்கள் ஏரியின் பதிவுகள் யாருடைய சர்வரில், யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று எழுத்தில் எதுவும் இல்லை. உறுப்பினர்களை மதிக்கும் தளம் என்று பெயர் பெற்ற ஐநேச்சுரலிஸ்டுகூட, ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்காகக் கூகுளின் அறக்கொடைப் பிரிவிடம் நிதி பெறுவதாக 2025 ஜூனில் அறிவித்தபோது, தங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று உறுப்பினர்கள் பலர் எதிர்த்தார்கள். எங்கள் கோரிக்கை எளியது: ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் ஊரின் எல்லாப் பதிவுகளையும் தாளில் அச்சிட்டு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் படித்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு படி வைக்க வேண்டும். கொள்கையளவில் சம்மதித்திருக்கிறார்கள். முதல் அச்சுப்படி இன்னும் வந்து சேரவில்லை.

கருவி என்ற அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பங்கேற்புக்கு முதல் பதிப்பில் ஒன்றுதான் தந்திருப்பேன், இப்போது மூன்று. ஏரியையும் கால்வாயையும் பதிய விரும்பும் எவரும் இதைத் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம். கிணற்றைப் பதிய நினைப்பவர்கள், முதலில் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் இருப்பிடத் துல்லியம் என்பதில் ‘ஊர் அளவில்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். நிறுவும்போது அது தானாக அப்படி இருப்பதில்லை. பிறகு அந்த வீட்டுக்குப் போய், வரைபடத்தைத் திறந்து, இங்கேதான் இது தெரியும், இவர்களெல்லாம் பார்ப்பார்கள் என்று கைபேசியை அவர்கள் கையில் கொடுத்துக் காட்டிய பின்னரே கருவியைக் கிணற்றுக்குள் இறக்குங்கள்.